அபர்டீன் பஜாரில் ஏறிய நான்கு டிகிரி

எண் 27, அபர்டீன் பஜார்,
போர்ட் பிளேர்.
12-3-1974

சிரஞ்சீவி மருமகன் ஜெகநாதனுக்கு மாமா ஜம்புலிங்கம் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தை விசாலாட்சியும் சோடா மிஷினும் நலம். அங்கு நீயும் அக்காவும் நலமென நம்புகிறேன்.

உலகம் சூடாகி வருகிறதென்று நீ இப்போது படித்துச் சொல்வதை, நான் கடை திறந்த 1961-ஆம் வருஷமே சொன்னேன். கேட்டுச் சிரித்தவர்களில் இரண்டு பேர் இன்று உயிரோடு இல்லை. நீ விவரம் கேட்டதும், அப்போது 27 டிகிரி, இப்போது 31 என்று எழுதி அனுப்பினேன். பதின்மூன்று வருஷத்தில் நான்கு டிகிரி ஏற வழியே இல்லை, தகுந்த விளக்கம் வராவிட்டால் இருபத்தைந்தாம் தேதி விஞ்ஞானக் கூட்டத்தில் உன் கட்டுரையை வாசிக்க விடமாட்டேன் என்று உன் பேராசிரியர் கோவிந்தராஜ் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் அந்தமானுக்கு வந்ததுண்டா? நான் எட்டாவது படித்தவன், அதையும் இரண்டு வருஷம் ஊன்றிப் படித்தவன். விளக்கம் தருகிறேன்.

முதலில் கரியமில வாயு. அது காற்றில் வருஷத்துக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூடுகிறதாம். பதின்மூன்று வருஷமாக அதைத்தானப்பா நான் பாட்டிலில் அடைத்து விற்கிறேன். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் ஒரு சிலிண்டருக்கு முன்பு இருநூற்றெண்பது சோடா போடுவேன், இப்போது முந்நூற்றிருபது. கூடுதல் நாற்பதுக்கு வாயு எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்துதான். இதை எதிர்க்கடை ஜவுளி வியாபாரி நூர்முகம்மதுக்கு விளக்கினேன். "அரே அண்ணே, காத்துல கேஸ் கூடல, உங்க சோடாவுல கொறஞ்சுபோச்சு. போன வாரம் குடிச்சேன், ஒரு ஏப்பம்கூட வரல" என்றான். அத்தோடு விட்டானா, தானும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி மாட்டி, அதில் இருபத்தொன்பதுதான் காட்டுகிறது, ஜம்புலிங்கத்தின் தெர்மாமீட்டருக்குக் காய்ச்சல் என்று பஜார் முழுக்கச் சொல்லிவிட்டான். சண்டை முற்றி, இரண்டையும் இடம் மாற்றி மாட்டினோம். அவனுடையது என் கடைக்கு வந்ததும் முப்பத்தொன்று காட்டியது, என்னுடையது அவன் கடையில் இருபத்தொன்பது. "இப்ப யாருக்குக் காய்ச்சல், பாய்?" என்றேன். "கடைக்கு" என்றான். உன் அத்தை உள்ளேயிருந்து, "தகரக் கூரைக்கடியில மாட்டினா சுடாம குளிருமா? அவரு கடைக்கு ஓலைல்ல வேஞ்சிருக்கு" என்றாள். அவள் மூன்றாவதுதான் படித்தவள், அதனால் நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே பேராசிரியரிடம் நிமிர்ந்து சொல். தெர்மாமீட்டர் இரண்டு, சாட்சி எதிரியே, முப்பத்தொன்று சத்தியம். ஒரு டிகிரிகூடக் குறைத்துக்கொள்ளாதே.

இது நாளைக் கப்பலில் ஏறுகிறது, கூட்டத்துக்குமுன் உன் கைக்கு வந்துவிடும். அக்காவை விசாரித்ததாகச் சொல். நீ பெரிய விஞ்ஞானியாகி, மாமன் பெயரையும் ஓர் ஓரத்தில் போட முருகன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
ஜம்புலிங்கம்

பி.கு.: முப்பத்தொன்று சத்தியமே. ஆனால் தெர்மாமீட்டர் வாங்கியது போன வருஷம்தான். 1961-க்கும் ஒரு எண் வேண்டுமென்று நீ கேட்டிருந்தாய். இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், வாசல் நிலையின் மேல் கதவு எண் 27 என்றிருந்தது. நூர்முகம்மது கடை எண் 28. அங்கே உட்கார்ந்து எழுதியிருந்தால் உலகம் இத்தனை வேகமாகச் சூடாகியிருக்காது.