புரட்டிப் பார்த்த உறுப்பினர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. காகிதத்தைப் படிக்காது; புரட்டும். நம் மேனேஜர் அதில் அசல் சரக்கு. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றதும், ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவுக்குப் பொதுமக்கள் சார்பில் ஓர் ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள். நோயாளிகளிடம் புது மருந்தைச் சோதிக்கலாமா, அவர்களுக்கு விஷயத்தைப் புரியும்படி சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்கிற குழு. லேசுப்பட்ட பொறுப்பா?

கூட்டத்துக்குக் கால் மணி முன்னதாகவே போய், ஜன்னலோர நாற்காலியைப் பிடித்து, கண்ணாடியைத் துடைத்து, இருபத்திரண்டு பக்க ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, நடுவில் எங்கோ ஒரு மூலையை மடக்கி வைத்து, தலைவர் தன் பக்கம் திரும்பும்போது தொண்டையைக் கனைப்பார்.

"எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்தா ஜனங்களுக்கு சௌகரியமா இருக்கும்."

ஜனங்கள்மேல் என்ன அக்கறை, பாருங்கள்! மருந்து ஆய்வாயிற்றே, டாக்டர் பார்த்திருப்பார் என்று குழுவிலிருந்த வக்கீல். நிபந்தனைக் காகிதமாயிற்றே, வக்கீல் பார்த்திருப்பார் என்று டாக்டர். இரண்டு பெரிய மனுஷர்கள் பார்த்தபின் தனக்கென்ன என்று மேனேஜர். டீ ஆறுவதற்குள் அனுமதி கிடைத்துவிடும்.

அப்படி அனுமதித்த இதய மருந்து ஒன்று இதய நோயோடு அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அவருடைய அக்காவின் கட்டிலுக்கே வந்து சேர்ந்தது. ஆய்வில் சேரச் சொல்லி அதே படிவத்தை அவளிடம் நீட்டியிருந்தார்கள். அவள் தம்பியை வரச்சொன்னாள். மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. தாமே அலசி ஆராய்ந்த ஆய்வு, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம் என்று அளந்தார்.

"மருந்து ஒத்துக்கலைன்னா நடுவுல நிறுத்திட்டு வந்துடலாமாடா?" என்றாள் அக்கா.

மேனேஜர் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.

"நீ படிச்சியா இல்லையா?"

"படிச்சிருப்பாங்கக்கா. பெரிய டாக்டரெல்லாம் இருக்காங்க."

அக்கா பேனாவை மூடினாள். "உக்காரு. முதல் பக்கத்துலேர்ந்து சத்தமா படி."

படித்தார், வேறு வழி? பத்தொன்பதாம் பக்கத்தில் குரல் இறங்கிப் போயிற்று. நடுவில் விலகுகிறவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சை தொடராதாம். கீழே குழுவின் முத்திரை பளிச்சென்று இருந்தது.

அக்கா கோபப்படவில்லை, அதுதான் அவரைக் கொன்றது. "எனக்கு முன்னாடி எத்தனை பேர்டா இதுல கையெழுத்துப் போட்டிருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள். அதுவும் அவருக்குத் தெரியாது.

சிரிக்கிறீர்களாக்கும். தாராளமாகச் சிரியுங்கள். மேலே நீளமாக ஒரு வாக்கியம் வந்ததே, அதை நீங்கள் பாதியில் தாண்டிக் குதித்தது எங்கள் கண்ணில் படவே இல்லை.