எங்கள் கூரையும் நடுவட்டத்து மேட்சும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் விளக்கும்போதே நான் ஒரு சபதம் எடுத்தேன். வானமே இடிந்து விழுந்தாலும் சாயங்காலம் மேட்ச் பார்த்தே தீருவது. வானம் இடிந்தால் நேராக எங்கள் வீட்டுக்குள்தான் விழும் என்பது வேறு விஷயம். கூரையில் அவ்வளவு ஓட்டை.

ஓட்டைக்கு நான் பொறுப்பில்லை. தேயிலைதான் பொறுப்பு. ஒரு கிலோ பச்சை இலையை விற்ற காசில் ரெண்டு பேர் டீ குடித்தால், வடைக்குக் கையைப் பிசைய வேண்டிய காலம் அது. குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் நான் கிளார்க். ஆறுமுகசாமி என்று பெயர். ஃபேக்டரி ஒரு நாள் ஓடும், மறுநாள் படுக்கும். ஆபீசில் கூரையைப் பற்றிக் கேட்டால், தேயிலை விலை ஏறட்டும் பார்க்கலாம் என்பார்கள். பல்பு கேட்டாலும் அதே பதில்தான். என் மனைவி சாந்தாமணி என்னைக் கேட்டபோது நானும் அதையே சொல்லிப் பார்த்தேன்.

அவள் எஸ்டேட் ஆபீசிடம் மாட்டிக்கொண்டவள் இல்லை. "மழைக்கு முன்னால கூரையச் சரி பண்ணலீன்னா நானும் பாப்பாவும் காரமடைக்குப் போயிருவோமுங்க. மழ நின்னதும் சொல்லி அனுப்புங்க, வர்றோம்" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். காரமடை அவள் அம்மா வீடு. எங்கள் மலையில் ஒரு மழை நின்றால் அடுத்த மழை ஆரம்பிக்கும். ரெண்டும் முடிந்தால் பனி. அந்தக் கணக்கில் பார்த்தால் நான் ஆயுசுக்கும் என் கையாலேயே சமைத்துத் தின்ன வேண்டும்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. போன மழைக்கு எங்கள் மகள் பிரீத்தி கட்டிலுக்கு அடியில்தான் படுத்துத் தூங்கினாள். மேலே சொட்டுகிற தண்ணீருக்குக் கட்டில் ஒரு கூரை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடுவட்டம் எஸ்டேட்டுக்காரன் எங்கள் மைதானத்துக்குக் கால்பந்து ஆட வருவது ரொம்ப நாளைக்கு அப்புறம். வெட்கத்தை மறுநாள் படலாம், மேட்சை மறுநாள் பார்க்க முடியாது.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு, "சாந்தா, குன்னூர் போயி தார் ஷீட் வாங்கியாந்தர்றேன். இன்னிக்கே கூரையை ஒரு வழி பண்ணிரலாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும் என்று கேட்பாள், சொல்ல ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை.

"சரிங்க. குளிரும், குல்லாயப் போட்டுட்டுப் போங்க" என்று மங்கி குல்லாவை எடுத்து என் தலையில் அவளே மாட்டிவிட்டாள். கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிகிற குல்லா. ஒளிந்து மேட்ச் பார்க்கப் போகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும். பெண்டாட்டியை ஏமாற்றுவது இவ்வளவு சுலபம் என்று தெரியாமல் இத்தனை வருஷம் வீணாக்கிவிட்டேனே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

எங்கள் ஊர் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேலே மைதானம். கீழே எங்கள் குவார்ட்டர்ஸ். நடுவில் தேயிலைச் சரிவு. நான் அவள் பார்க்க பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். வளைவு திரும்பியதும் ஃபேக்டரி வழியாகச் சுற்றி மேலே ஏறி, கூட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

நடுவட்டத்துக்காரர்கள் பச்சை இலை லாரியில் வந்திறங்கினார்கள். ஏற்றுவதற்கு இலை இல்லாததால் ஆளை ஏற்றி அனுப்பியிருந்தார்கள். பந்து மட்டும் கொண்டுவரவில்லை. எங்களிடம் இருக்கும் என்று நினைத்தார்களாம். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் ஒட்டுப் போட்டது. முன்னெல்லாம் எஸ்டேட்டே புதுப் பந்து வாங்கித் தரும். இப்போது கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆட்டம் சூடாகத்தான் போனது. அவர்கள் ஒன்று போட்டார்கள். நாங்கள் ஒன்று போட்டோம். நடுவில் கெடுத்தது என் மச்சினன் சக்தி. சாந்தாமணியின் தம்பி, எங்கள் டீமில் பின்வரிசைக்காரன். பந்து காலுக்கு வந்ததும் மைதானத்தில் இருக்கிற அத்தனை பேரையும் விட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாமல் கீழ்ச்சரிவைப் பார்த்து ஓங்கி ஒரு உதை விட்டான். பந்து தேயிலைக்குள் போனது. ஒருத்தர் இறங்கித் தேடி எடுத்து வந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே உதை. இந்தத் தடவை எங்கள் வீட்டு வாசலிலேயே போய் விழுந்ததாம். காலா அது, உலக்கையா என்று நான் குல்லாவுக்குள் இருந்தபடியே அவனைத் திட்டித் தீர்த்தேன்.

மூன்றாவது தடவை அவன் உதைப்பதற்குள் மிஸ்ட் என்கிற மூடுபனி இறங்கிவிட்டது. பந்து வெள்ளைக்குள் போய் மறைந்தது. அப்புறம் கீழேயிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம்.

"அது ஆறுமுகண்ணா ஊட்டுத் தகரமுங்க" என்றான் எங்கள் கேப்டன் பழனியாண்டி. எங்கள் லைன் வீடுகளில் யார் வீட்டுத் தகரம் எப்படிச் சத்தம் போடும் என்று எல்லாருக்கும் தெரியும். எங்களுடையதில் ஓட்டை ஜாஸ்தி, சத்தமும் ஜாஸ்தி.

ஒருத்தன் எடுத்து வரக் கிளம்பினான். அதற்குள் மிஸ்டைக் கிழித்துக்கொண்டு சாந்தாமணியின் குரல் மேலே வந்தது.

"பந்து கூரை மேல நிக்குதுங்க. எங்க ஊட்டுக் கூரையில வேத்து ஆம்பளைக யாரும் ஏறக் கூடாது. ஊட்டுக்காரரு குன்னூர் போயிருக்காரு. ராத்திரி பஸ்சுக்கு வந்துருவாரு. வந்ததும் எடுத்துக் குடுப்பாரு, அதுவரைக்கும் பொறுத்துக்குங்க."

ரெண்டு டீமும், பார்க்க வந்த அத்தனை சனமும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பழனியாண்டி பக்கத்தில் வந்து என் குல்லாவை நெற்றி வரைக்கும் தூக்கினான்.

"அண்ணா, குன்னூர்ல இருந்து கொஞ்சம் சீக்கிரமா வந்துருங்க. இருட்டுதுங்க."

வந்தேன். ஃபேக்டரி வழியாகச் சுற்றி ஓடி, பஸ் ஸ்டாப்பைத் தொட்டு, மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தேன். வாசலில் சாந்தாமணி. சுவரில் ஏணி.

"வாங்க. பஸ்சு நேரத்தோட வந்துருச்சுங்களா?"

"ஆமா. டிரைவர் கொஞ்சம் வேகமா ஓட்டிட்டான்."

"தார் ஷீட்டுங்க?"

"கடை சாத்தியிருச்சு, சாந்தா."

"அடப் பாவமே. சரிங்க, பசங்க பந்துக்குக் காத்துட்டு நிக்கறாங்க, ஏறுங்க."

இவ்வளவுதானா என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போகிறேன் என்று எதையாவது சொல்லிக் கடைசிப் பத்து நிமிஷத்தையும் பார்த்துவிடலாம் என்று மனசுக்குள் அடுத்த திட்டமே போட்டுவிட்டேன். ஏறினேன். புகைபோக்கியை ஒட்டிப் பந்து உட்கார்ந்திருந்தது. எடுத்துக் கீழே போட்டேன். எங்கிருந்தோ சக்தி வந்து பந்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடினான். நான் இறங்கலாம் என்று திரும்பினால் ஏணி நடந்து போய்க்கொண்டிருந்தது. சாந்தாமணியின் தோளில்.

"ஏணிய எங்க கொண்டு போறே? நான் எப்படி எறங்கறது?"

"இப்பத்தானுங்க ஏறுனீங்க. அதுக்குள்ள என்ன அவசரம்."

ஏணியைக் கொட்டாயில் சாத்திவிட்டு வந்தாள். கையில் ஒரு மூங்கில் கழி. கழி நுனியில் ஒரு சுருட்டு தார் ஷீட், ஒரு பையில் சுத்தியல், ஆணி, ஆணிக்கு வாஷராகப் போட சோடா மூடி. எல்லாவற்றையும் என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"கடை சாத்தியிருந்தா என்னங்க. நேத்தே சக்திகிட்டச் சொல்லி வாங்கிக் கட்டலுக்கடியில வெச்சுட்டேன்."

வாங்கிக்கொண்டேன். அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஓட்டையிலிருந்து விளக்குமாற்றுக் குச்சி ஒன்று மேலே முளைத்தது. இங்கே அடிக்க வேண்டும் என்று அர்த்தம். அடித்தேன். அடுத்த ஓட்டையில் முளைத்தது. அங்கேயும் அடித்தேன். நடுவில் பிரீத்தி கெஞ்சிக் கேட்டு அவளும் ஒரு குச்சி விட்டாள். அது என் கால் கட்டைவிரலில் குத்தியது.

என் தலைக்கு மேலே, வெள்ளைக்குள், மேட்ச் நடந்துகொண்டிருந்தது. விசில் கேட்டது. திட்டு கேட்டது. கடைசியில் 'கோல்' என்று மலையே அதிர்கிற மாதிரி ஒரு கூச்சல். யார் போட்டது என்று நான் கூரையிலிருந்து தொண்டை கிழியக் கத்திக் கேட்டேன். பதிலுக்குத் தகரத்துக்கு அடியிலிருந்து டக் டக் என்று தட்டும் சத்தம்தான் வந்தது. இன்னும் ஒரு ஓட்டை பாக்கியாம்.

ஏணி வந்தபோது மழையும் வந்தது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. பிரீத்தி கட்டில் மேலே குதித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன்.

சேறும் சகதியுமாக சக்தி வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தான். சாந்தாமணி அவனுக்கு முதல் டீயைக் கொடுத்தாள். ரெண்டுக்கு ஒன்று, நாம்தான் ஜெயித்தோம் என்றான். கடைசி கோலைத் தானே அடித்ததாக வேறு சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டா, மைதானத்துக்குள்ள ஒரு பந்தை ஒழுங்கா உதைக்கத் தெரியாம மூணு தடவ வெளிய உதைச்சவன் நீயி. உனக்குக் குறி எங்கடா வந்துச்சு?"

சக்தி டீயை ஊதி ஊதி ஒரு மடக்கு குடித்தான். அக்காவை ஒரு பார்வை பார்த்தான்.

"முதல் ரெண்டு மட்டுந்தானுங்க மாமா தப்பிப்போச்சு. அக்கா கூரை மேலதான் விழோணும்னு சொல்லியிருந்துச்சு."