கிராமச் சராசரிப்படி நலம்

இளைஞர்களின் மனநலத்தின்பால் அரசு கொண்டிருக்கும் பேரக்கறையின் விளைவாக எங்கள் ஊருக்கு ஒரு மனநல மையம் வந்தது. பெயர்ப்பலகை வந்தது, திறப்புவிழாப் பந்தல் வந்தது. ஆலோசகர் மட்டும் வரவில்லை. நியமனம் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். அதுவரை கூடுதல் பொறுப்பாக வேளாண்மை அலுவலர் அமிர்தலிங்கத்தை உட்காரவைத்தார்கள். ஆயுள் முழுக்கப் பயிர்ச்சேதம் பார்த்த மனிதர்.

முதல் ஆளாகப் போனவள் செவ்வந்தி. அவள் தம்பி செல்லதுரை இன்ஜினியரிங் முடித்து, வேலை கிடைக்காமல் அறைக்குள் போய் முடங்கியவன். தூக்கமில்லை, சோறில்லை. அவனைத் தனியே விட்டுவிட்டு நடவுக்குப் போகவே அவள் பயந்தாள்.

"தம்பிக்கு மனசு சரியில்லைங்க. யாராவது உக்காந்து பேசணும்."

"தனி ஆளுக்கெல்லாம் பாக்க முடியாதும்மா. நெல்லுக்கு எப்படியோ அப்படித்தான் இதுக்கும். கிராமத்துல மூணுல ஒரு பங்கு பாதிச்சிருந்தாத்தான் நிவாரணம்."

"எனக்குத் தெரிஞ்சு எந்தம்பி மட்டும்தாங்க இப்படி இருக்கான்."

"அப்ப சராசரிப்படி உங்க தம்பி நல்லாத்தான் இருக்காரு."

இந்த உரையாடலில் 'நிவாரணம்' என்ற சொல் மட்டும் ஊருக்குள் கசிந்தது. எங்களுக்கு அது போதும். வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷமே வெள்ள நிவாரணம் வாங்கியவர்கள் நாங்கள். ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் காயாரோகணம் தம் ஆட்களின் பிள்ளைகளுக்கு மனு எழுதினார். எதிர்க்கட்சிக்காரர் பிள்ளைகள் மட்டும் தெளிவாக இருந்துவிட முடியுமா? மறுநாளே அவர்களும் மனமுடைந்தார்கள்.

ஆய்வு நாளன்று வரிசையில் நின்ற சிலர் தமக்குத்தாமே பேசிக்கொண்டார்கள். ஒருவன் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான். பேரன் எடுத்த இளைஞர்களும் இரண்டொருவர் இருந்தார்கள். செவ்வந்தியோ, அதிகாரி முன்னால் அழுக்காக நிற்கக் கூடாதென்று தம்பியைக் குளிக்கவைத்து, சலவைச் சட்டை மாட்டி அழைத்து வந்தாள். பைத்தியக்காரி.

"எப்படி இருக்கீங்க தம்பி?" என்றார் அமிர்தலிங்கம்.

"நல்லா இருக்கேன் சார்," என்றான் செல்லதுரை, தரையைப் பார்த்தபடி.

"யாரு கேட்டாலும் அப்படித்தாங்க சொல்லுவான்," என்று செவ்வந்தி பதறினாள்.

"பயிரே வாயத் தொறந்து சொல்லுது. அப்புறம் ஆய்வு எதுக்கும்மா?"

அவன் ஒருவனைத் தவிர மற்ற இளைஞர்கள் அனைவரும் பாதிக்கப்பட்டவர்கள் என்று அறிவிப்பு வந்தது. வெடி வெடித்துக் கொண்டாடினோம்.

நிவாரணம் கைக்கு வர ஆலோசகர் கையெழுத்து வேண்டுமாம். பணியிடம் காலி. உள்ளூரில் படித்த, மனநலம் குன்றாத இளைஞரைத் தற்காலிகமாக அமர்த்திக்கொள்ள விதியில் இடமிருந்தது. அரசுப் பதிவின்படி அப்படி ஒருவன்தான் இருந்தான்.

செல்லதுரைக்கு மாலை போட்டு நாற்காலியில் உட்காரவைத்தோம்.

"வேலையில்லன்னுதானே கவல? கெடச்சாச்சுல்ல," என்று காயாரோகணம் அவன் முதுகில் தட்டினார்.

வரிசையில் முதல் ஆள் காயாரோகணத்தின் மகன். "தூக்கம் வருதாங்க?" என்று செல்லதுரை மெல்லக் கேட்டான்.

"வரல."

"எனக்கும் வரலைங்க." பல மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் வெளிச்சம் தெரிந்தது. இன்னும் ஏதோ சொல்ல நாற்காலியை அருகே இழுத்தான்.

"சரி சரி, கையெழுத்தப் போடுங்க," என்றான் மகன்.

செவ்வந்தி அமிர்தலிங்கத்திடம் ஓடினாள். "எந்தம்பிய யாருங்க பாக்குறது?"

"ஆலோசகரத்தாம்மா பாக்கணும். வரிசையில வாங்க."

அவள் வரிசைக்கு முன்னால் வந்து நின்றாள். நாங்கள் கடைசிக்குப் போகச் சொன்னோம்.