தம்பி மீட்புக் குழு

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது, எழுத்தைக் கண்டது. இவை எல்லாவற்றுக்கும் சிகரமாகக் 'குழு'வைக் கண்டது. தொலைந்துபோன ஒன்றைத் தேடுவது காக்கை குருவியும் செய்கிற காரியம். தேடுவதற்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்து, தேடுவது என்றால் என்ன என்று முடிவு செய்வது மனிதனுக்கு மட்டுமே வாய்த்த பெருமை. அந்தப் பெருமையின் உச்சாணிக் கொம்பை ஆவணத் துறைக் கண்காணிப்பாளர் ஒருவர் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தொட்டார். அப்போது அவர் முகத்தில் பாதி மட்டும் சவரம் ஆகியிருந்தது.

அலுவலகத்தில் அவருக்குச் 'சுற்றறிக்கை' என்று பெயர். அவர் காதுபடச் சொல்ல மாட்டார்கள். இருபத்தாறு வருட சேவையில் அவர் சுற்றறிக்கை விடாத விஷயமே கிடையாது. தண்ணீர்க் குழாயைச் சரியாக மூடுவது எப்படி என்று நான்கு பக்கத்தில் ஒன்று விட்டார். அதை எல்லாரும் படித்துக் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் மாடித் தொட்டி காலியாகிவிட்டது. ஆனால் கையெழுத்துகள் ஒன்றுகூட விடுபடவில்லை.

அன்று காலை அவர் மனைவி குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"என்னங்க, தம்பியக் காணோம்."

"ஊருக்குப் போயிருப்பான். போன் பண்ணிப் பாரு."

"அந்தத் தம்பி இல்லங்க. நம்ம தம்பி."

தம்பி என்பது நாய். நான்கு வயது, பழுப்பு நிறம், இடது காது எப்போதும் மடிந்தே இருக்கும். அதற்கு அந்தப் பெயரை வைத்தபோது மனைவியின் சொந்தத் தம்பி இரண்டு மாதம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பகல் முழுக்க அடுத்தவர் கையில் ஊசி குத்திவிட்டு வருகிற அவளுக்கு, வீட்டுக்கு வந்ததும் காலில் தலையை வைத்துப் படுத்துக்கொள்ள ஒரு ஜீவன் வேண்டியிருந்தது. கணவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

வேறு ஒருவராக இருந்திருந்தால் பாதிச் சவரத்தோடு தெருவுக்கு ஓடி, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்திருப்பார். கண்காணிப்பாளர் பக்குவப்பட்ட மனிதர். மறு கன்னத்தையும் மழித்தார். சட்டை போட்டார். பிறகு தம்பி படுக்கும் சாக்கைப் போய்ப் பார்த்தார். சாக்கின் நடுவில் அதன் உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. பள்ளம் காலியாக இருந்தது. அவர் குனிந்து அதை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்தார். காலிப் பள்ளத்துக்கென்று தனிப் படிவம் எதுவும் இல்லாததால், ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஓரத்தில் கோடு போட ஆரம்பித்தார்.

"நான் ஒரு தடவ தெருவச் சுத்திப் பார்த்துட்டு வந்துடறேனே" என்றாள் மனைவி.

"எந்தத் தெரு?"

"அக்கம்பக்கம் எல்லாம்தான்."

"திட்டம் இல்லாம சுத்தினா அதுக்குப் பேரு தேடுறது இல்லம்மா. வாக்கிங்."

எட்டு மணிக்குத் 'தம்பி மீட்புக் குழு' உதயமாயிற்று. தலைவர் அவர். செயலர் அவர். உறுப்பினராக மனைவியைச் சேர்த்துக்கொண்டார், வாக்குரிமை இல்லாமல். எட்டரைக்கு முதல் கூட்டம் நடந்து, முதல் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நாய் எப்படி வெளியே போயிற்று? பின்கதவின் அடிப்பலகை உளுத்துப்போய், நாய் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். ஆகவே அதை அடைக்க வேண்டும். குழுவின் வரலாற்றில் அன்றே நிறைவேற்றப்பட்ட தீர்மானம் இது ஒன்றுதான். பத்து மணிக்கெல்லாம் தச்சர் வந்து புதுப் பலகை வைத்து, ஒன்பது ஆணி அடித்துவிட்டுப் போனார்.

"இனிமே ஒரு ஈ எறும்பு இந்த வழியா வெளிய போக முடியாது" என்றார் கண்காணிப்பாளர்.

மனைவி பலகையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கூட்டம் முடிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டது.

சாயங்காலம் மைத்துனர், அதாவது மனைவியின் அந்தச் சொந்தத் தம்பி, வந்தார். அவர் டிஜிட்டல் விளம்பரத் துறையில் இருப்பவர். என்ன வேலை என்று கேட்டால் "பிராண்ட்" என்பார். மேற்கொண்டு கேட்டால் "ஸ்ட்ராட்டஜி" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. மடிக்கணினியைச் சாப்பாட்டு மேஜையில் திறந்து வைத்துவிட்டு அவர் நிலைமையை விளக்கினார்.

"மாமா, இது நாய் காணாமப் போன பிரச்சினையே இல்ல."

"பின்ன?"

"ரீச் பிரச்சினை. தம்பிய நாலு பேருக்குத்தான் தெரியும். நாற்பதாயிரம் பேருக்குத் தெரிஞ்சிருந்தா அது காணாமப் போயிருக்கவே முடியாது."

கண்காணிப்பாளர் இதைக் குறித்துக்கொண்டார். இவ்வளவு ஆழமான கருத்தைத் தன் துறையில்கூட அவர் கேட்டதில்லை.

சுவரொட்டி அடிப்பது என்று முடிவாயிற்று. அதற்குப் படம் வேண்டும். மனைவியின் போன் போன மாதம் தண்ணீரில் விழுந்ததில் படங்கள் எல்லாம் போய்விட்டன. கண்காணிப்பாளரின் போனில் எண்ணூறு படங்கள் இருந்தன. எல்லாம் அவரே எடுத்துக்கொண்ட செல்பிகள். சிலவற்றில் அவருக்குப் பின்னால் பழுப்பாக ஏதோ தெரிந்தது. நீண்ட ஆராய்ச்சிக்குப் பிறகு ஒரு படம் தேறியது. சிறந்த அலுவலர் சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் புன்னகைக்கிறார். கீழ் மூலையில் ஒரு வால்.

"வால் தெளிவா இருக்கு மாமா. அது போதும்."

இப்படியாகத் தமிழில் உண்மையான அர்த்தத்தில் ஒரு வால்போஸ்டர் தயாரானது. மேலே கொட்டை எழுத்தில் 'தம்பியைக் காணவில்லை.' நடுவில் கண்காணிப்பாளரின் முகம். கீழே 'பார்த்தவர்கள் உடனே தெரிவிக்கவும்.' செவ்வாய்க்கிழமை காலைக்குள் இருநூறு பிரதிகள் அக்கம்பக்கத்துச் சுவர்களில் ஏறிவிட்டன.

ஒன்பது மணியிலிருந்து போன் ஓயவில்லை. மனைவிதான் எடுத்தாள்.

"அம்மா, போஸ்டர்ல இருக்கிறவர இப்பத்தான் பேங்க் வாசல்ல பார்த்தேன். தெம்பாத்தான் இருக்காரு."

"அது இல்லிங்க, நாய்..."

"வீட்டுக்காரர அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா. கோவம் இருக்கும்தான்."

இன்னொருவர் கேட்டார்: "தம்பிக்கே இந்த வயசுன்னா, அண்ணனுக்கு என்ன வயசு இருக்கும்?"

மதியத்துக்குள் நாற்பத்தொரு அழைப்புகள் வந்திருந்தன. அத்தனையும் கண்காணிப்பாளரைக் கண்டவர்கள். ஒரு புண்ணியவான் அவரைக் கடைத்தெருவில் கையைப் பிடித்து நிறுத்தி, "வீட்ல அழுதுட்டிருக்காங்க, பேசாமப் போயிடுங்க சார்" என்று புத்திமதி சொல்லி வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தார். மைத்துனருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"நாற்பத்தொண்ணு மாமா. சூப்பர் ரெஸ்பான்ஸ்."

"நாயைப் பத்தி?"

"அது அடுத்த கட்டம்."

மனைவி வேலைக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் சந்துகளில் எட்டிப் பார்த்தாள். 'தம்பி, தம்பி' என்று மெல்லக் கூப்பிட்டாள். இரண்டு மூன்று இளைஞர்கள் "என்னக்கா?" என்று திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் காலோடு கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்காணிப்பாளர் அதைக் கவனித்தார். அவருக்கும் என்னவோ போலிருந்தது. அவளுக்கு ஆறுதலாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டினார்.

புதன்கிழமை மாலை அவர் வீட்டுக் கூடத்தில் தெருவே திரண்டது. தெருச் சங்கத் தலைவர் வந்தார். எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்தார். கண்காணிப்பாளர் கதவோரமாக நாற்காலி போட்டு, மடியில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் எழுதினார்.

"நாய் கடிக்குமா?" என்று ஆரம்பித்தார் பல் டாக்டர்.

"காணோம் டாக்டர்."

"கிடைச்சா கடிக்குமா?"

அதற்கொரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அடுத்துச் சங்கத் தலைவர் எழுந்தார். அவருக்குப் போஸ்டரின் வாசகத்திலேயே ஆட்சேபணை.

"நம்ம தெருவுல 'காணவில்லை'ன்னு எழுதினா தெருவுக்குத்தான் கெட்ட பேரு. நாளைக்கு ஒருத்தர் வீடு விக்கணும்னா விலை போகுமா? 'தற்காலிகமாகத் தென்படவில்லை'ன்னு மாத்துங்க."

"தென்படலன்னா வேணும்னே ஒளிஞ்சிருக்கிற மாதிரி இல்ல?" என்றார் டாக்டர்.

"நாயோட நோக்கத்தைப் பத்தி இந்தச் சங்கம் கருத்துச் சொல்லாது."

விவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. மனைவி நடுவில் கையைத் தூக்கி, "ஆளுக்கொரு தெருவாப் பிரிச்சுக்கிட்டு இப்பவே போய்த் தேடலாமா? பத்துப் பேர் இருக்கோமே" என்றாள். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று வருத்தத்துடன் சுட்டிக்காட்டப்பட்டது. 'தென்படவில்லை' ஆறுக்கு மூன்று வாக்கில் வென்றது.

வியாழக்கிழமை கூட்ட நடவடிக்கைக் குறிப்பு பன்னிரண்டு பக்கத்தில் வீடு வீடாகச் சுற்றுக்கு விடப்பட்டது. குறிப்பு சுற்றியது. விட்டவர் சுற்றவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கண்காணிப்பாளர் ஐந்தாவது கூட்டத்துக்கு நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது, வேலை விட்டுச் சந்து சந்தாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்த மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, பின்தெரு தையல் கடைக்கு வாங்க. தம்பி இங்க இருக்கு."

"உறுதியாத் தெரியுமா? அடையாளம் சரிபார்த்தியா?"

"என் கால் மேல படுத்திருக்குங்க."

அவர் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில் தன்னையறியாமல் ஓட ஆரம்பித்திருந்தார். குறிப்பேடு கக்கத்திலிருந்து நழுவியது. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினார்.

தையல் கடையில் பள்ளிச் சீருடைத் துணி கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. மிஷினுக்குக் கீழே, வெட்டுத் துணிக் குவியலில் மனைவி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காலில் தலையை வைத்துக்கொண்டு தம்பி படுத்திருந்தது. அவரைக் கண்டதும் அது எழுந்து வந்து முழங்காலை முகர்ந்து, வாலை ஆட்டியது. அந்த ஐந்து நாளில் அவர் பார்த்த முதல் நல்ல காரியம் அது. குனிந்து அதன் மடிந்த காதைத் தடவியபோது அவர் கண்ணாடியில் ஈரம் படிந்துவிட்டது. கொஞ்ச நேரம் அவர் எதையுமே எழுதவில்லை.

தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்தபடி, தலையைத் தூக்காமலே சொன்னார்.

"இதக் காணோம்னா தேடிட்டிருந்தீங்க? எட்டு மாசமாத் தினம் இங்கதானே இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் வரும். கதை பேசிட்டு இருப்போம். ஆறு மணியானா வீட்டுக்குக் கிளம்பிடும்."

"திங்கக்கிழமை ஏழு மணிக்கே காணோமே?" என்றார் கண்காணிப்பாளர்.

"ஸ்கூல் தொறக்கப் போறாங்கல்ல? அஞ்சரைக்கே கடையத் தொறந்துட்டேன். மிஷின் சத்தம் கேட்டு வந்துடுச்சு."

"சாயங்காலம் ஏன் திரும்பி வரல?"

"வந்துச்சே. போன வேகத்துல திரும்பிடுச்சு. என்னடான்னு பின்னாலயே போய்ப் பார்த்தா, பின்கதவு ஓட்டையில புதுசாப் பலகை வெச்சு அடிச்சிருக்கு. ஒன்பது ஆணி. யாரு செஞ்ச வேலையோ."

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்களாவது கொண்டுவந்து விட்டிருக்கலாமேம்மா."

"விட்டேனே சார். புதன்கிழமை தூக்கிட்டு வந்தேன். உள்ள ஒரே கூட்டம். கதவோரமா ஒருத்தர் குனிஞ்சு எழுதிட்டு இருந்தாரு. 'நாயக் கொண்டுவந்திருக்கேன்'ன்னேன். தலையத் தூக்கல. 'நாய் சம்பந்தமா எதுவானாலும் எழுத்து மூலமாக் கொடுங்க'ன்னு சொல்லிட்டுக் கதவச் சாத்திட்டாரு. எழுதியும் போட்டேன், கதவிடுக்குல."

கண்காணிப்பாளர் குறிப்பேட்டைத் திறந்தார். உள்ளே, தையல் அளவு குறிக்கிற துண்டுச்சீட்டு ஒன்று பத்திரமாகக் குத்தப்பட்டிருந்தது. 'உங்க நாய் என்கிட்ட இருக்கு.' அதன் மேல் அவருடைய அழகான கையெழுத்தில் 'பொதுமக்கள் கருத்து, எண் ஏழு. அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்' என்று எழுதியிருந்தது.

"யாருன்னு அடையாளம் சொல்ல முடியுமா?" என்று கேட்டார், மிகவும் மெதுவாக.

"முகம் தெரியல. ஆனா சட்டை நான் தைச்சது. சாருக்குத்தான் தைச்சேன்." தையல்காரம்மா பெருமூச்சு விட்டார். "அதான் எனக்கு மனசே ஆறல. சாரக் காணோம்னு சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கு. அதுக்குள்ள அவர் சட்டைய எவனோ எடுத்து மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கானேன்னு. அப்புறம்தான் நீங்க கிடைச்சிட்டதாக் கேள்விப்பட்டேன்."

மனைவி துணிக்குவியலிலிருந்து எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள். தம்பியும் எழுந்து உடம்பைச் சிலுப்பிக்கொண்டது.

"இல்லக்கா, போஸ்டர் சரிதான்" என்றாள் அவள். "நாங்க இன்னும் தேடிட்டுதான் இருக்கோம்."