ஆணியில்லாப் படகும் பெராவ் கிராணியும்

லூபோக் சீனா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் போன வருடம் நடந்தது, வரிசைப்படி:

1. எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி ஒருவர், ரப்பர் புகைக்கூடத்துக்குப் பின்னால் பதினைந்தடிப் படகு கட்டினார்.
2. சோதனைக்கு வந்த போலீஸ் அதைப் பார்த்துவிட்டது.
3. 'காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்தவா?' என்று கேட்டது.
4. படகின் வரைபடத்தில் என் கையெழுத்து இருந்தது.

எந்தப் பேச்சையும் கடலில் கொண்டுபோய் விடக்கூடியவர் உலகத்திலேயே அந்தக் கிராணி ஒருவர்தான். பெராவ் என்றால் மலாயில் படகு; அதனால் அவர் பெராவ் கிராணி. பல்வலி என்று லீவு கேட்டால்கூட, "பல்வலியோடதான்யா மலாய்க்காரங்க பாய்மரத்துல மடகாஸ்கர் வரைக்கும் போனாங்க. காம்பஸ் கிடையாது, நட்சத்திரம்தான்!" என்று தொடங்குவார். லீவு கிடைக்கும்போது பல்வலி போயிருக்கும்.

டவுனில் வரைபட ஆபீஸில் டிரேசராக இருக்கும் என்னிடம் ஒருநாள் வந்தார்.

"தங்கச்சி, ஒரு ஆணிகூட இல்லாத படகு. பலகைக்குப் பலகை மரமுளை, நார்க்கயிறு. பழைய மலாய் முறை. வரைஞ்சு குடு."

அரைக்கால் அங்குலம் பிசகாமல் வரைந்தேன். பழக்கதோஷத்தில் மூலையில் கையெழுத்தும் போட்டேன். அதனால்தான் விசாரணைக்கு நானும் போக வேண்டியதாயிற்று.

மலாய்க்கார இன்ஸ்பெக்டரிடம் அவருடைய முன்னோர்களின் கப்பல்களைப் பற்றிக் கிராணி ஒரு மணி நேரம் விளக்கினார்.

"நான் வயக்காட்டுக்காரன், கிராணி. எனக்கு எருமைதான் தெரியும்" என்றார் இன்ஸ்பெக்டர். "உம்பாய்க் கடல்ல இறக்கிப் பார்ப்போம். மிதந்தா ரெண்டு பேரும் உள்ளே. முழுகினா வீட்டுக்கு."

லாரியில் ஏற்றிப்போய் இறக்கினோம். பத்தே நிமிடம். எல்லா இடுக்கிலும் தண்ணீர் பீறிட்டு, படகு விளிம்புவரை அமிழ்ந்தது.

"இதுல கோழிகூடத் தப்பிக்க முடியாது லா! போங்க வீட்டுக்கு" என்று சிரித்தபடி இன்ஸ்பெக்டர் எழுதத் தொடங்கினார். எனக்கு மூச்சு வந்தது.

"துவான், பொறுங்க!" என்றார் கிராணி. "மரம் இன்னும் தண்ணி குடிக்கல. மூணு நாள் ஊறினா பலகை உப்பி இறுகிடும். அப்புறம் ஒரு சொட்டு உள்ளே வராது!"

நான் அவர் காலை மிதித்தேன். "அண்ணே, வாயை மூடுங்க. உள்ளே போட்டுடுவாங்க."

"போடட்டும் தங்கச்சி. மலாய்க்காரங்க முறைல கட்டின படகு ஒழுகும்னு எழுதிக்கிட்டு இருக்காரே!"

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

அவர் உத்தரவுப்படி மூன்று நாள் படகு தண்ணீரில் ஊறியது. நாங்கள் காலையும் மாலையும் ஸ்டேஷனில் ஆஜர். நான்காம் நாள் உம்பாய் மீனவர் பாக் லோங் தண்ணீரை இறைத்துவிட்டு, உள்பக்கம் கையால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஊறவில்லை.

"எங்க தாத்தா கட்டின மாதிரியே இருக்கு" என்றார். கிராணி படகின் விளிம்பை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் பூட்ஸோடு ஏறி உட்கார்ந்தார். பாக் லோங் துடுப்புப் போட, ஒரு சுற்றுப் போய்வந்து கிராணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தக் கடத்தல்காரனும் தன் படகு நல்ல படகுன்னு போலீஸ்கிட்ட சண்டை போடமாட்டான். வீட்டுக்குப் போங்க. படகு மட்டும் இங்கேயே இருக்கட்டும்."

இன்றைய நிலை: விசாரணை முடிந்துவிட்டது. படகு பாக் லோங்கோடு தினமும் மீன் பிடிக்கப் போகிறது. கிராணி இப்போது இருபதடிப் படகுக்கு வரைபடம் கேட்டிருக்கிறார். முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முக்கால்வாசி வரைந்தாகிவிட்டது.