நிலவறைப் பிளக்கின் திறப்பு விழா

தேயிலைத் தோட்ட மண்டபத்தின் நிலவறையில் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும் என்பது தவமலரின் பணிவான கோரிக்கை. அதனால் மலைக்கே ஆபத்து வரும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். மலைச்சரிவைக் குடைந்து கட்டிய அந்த அறையை வாடகைக்கு எடுத்து, பிரிஞ்சாங் சந்தைக்கு இட்லி அவித்து விற்றுக்கொண்டிருந்தாள். மலைக் குளிரில் மாவு பொங்க மறுத்தது. நேற்று ஆட்டிய மாவு இன்றும் நேற்று மாதிரியே கிடக்கும். இட்லி கல்லாகிவிடும். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். மாவுப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பல்பு எரிந்து கொஞ்சம் சூடு கொடுத்தால் பிழைப்பு தப்பிவிடும்.

வயர்மேன் புனிதன் கான்கிரீட் சுவரைத் தட்டிப் பார்த்தான். "அரை மணி நேர வேலைதான்க்கா. ஆனா மண்டபம் இலாகாவோடது. ஒரு வார்த்தை கேட்டுக்குங்க லா."

கேட்டாள். அதுதான் தப்பு.

இலாகா அதிகாரி திருமாறன் நான்கு பேருடன் வந்து இறங்கினார். சுவரை முன்னாலிருந்து பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். பின்னால் போய்ப் பார்க்க வழியில்லை. அங்கே மலை இருந்தது.

"ஓட்டை போட்டா மலை உள்ள வந்துரும்மா."

"ரெண்டு இஞ்சுதான் சார். அதுல மலை எப்படி நுழையும்?"

"அதைத்தான் ஆய்வு செய்யணும்."

ஆய்வு ஏழு மாதம் நடந்தது. கடைசியில் கடிதம் வந்தது: 'மேற்படி மலை மேற்படி துளை வழியாக உட்புகும் உத்தேசம் கொண்டிருப்பதாகத் தற்சமயம் தெரியவில்லை.' தவமலருக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. புனிதன் அரை மணி நேரத்தில் வேலையை முடித்தான்.

அவள் பல்பைச் சொருகப் போனாள்.

"கையை எடுங்கம்மா!" திருமாறன் பதறினார். "நாளைக்குத்தான் திறப்பு விழா. பட்டம் வாங்கின பெரிய மனுஷரு, டத்தோவே வர்றாரு. நூறு பேருக்கு உங்க இட்லிதான்."

"மாவு பொங்கணும்னா இப்பவே சுவிட்ச் போடணும் சார்."

"நீங்க இப்பவே போட்டுட்டா, டத்தோ வந்து எதைப் போடுவாரு?"

மறுநாள் பிளக்குக்குச் சந்தனம், குங்குமம், சிவப்பு ரிப்பன். டத்தோ சுவிட்சைப் போட்டார். கைதட்டல் ஓய ரொம்ப நேரமானது. பிறகு இட்லியைக் கடித்தார். கடித்தார் என்பதைவிட முயன்றார் என்பதே பொருந்தும். தவமலருக்கு நிலவறை இன்னும் பத்தடி ஆழமாக இருந்தால் தேவலாம் போலிருந்தது.

"மலைநாட்டுப் பாரம்பரிய இட்லி டத்தோ," என்றார் திருமாறன் சட்டென்று. "பொங்கவே பொங்காது."

டத்தோவின் முகம் மலர்ந்தது. "இதையெல்லாம் நாம காப்பாத்தணும்!"

அடுத்த வாரமே கோலாலம்பூரிலிருந்து கார் காராக வந்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் இட்லியைத் தட்டில் தட்டி, அந்த ஓசையைப் படம் பிடித்து உருகினார்கள். பாரம்பரியம் கெட்டுவிடாமல் இருக்க இலாகா பிளக்குக்கு அரக்கு முத்திரை வைத்தது. தவமலர் ஆட்சேபிக்கவில்லை. வரிசையில் நின்றவர்களைக் கவனிக்கவே அவளுக்கு நேரம் போதவில்லை.

பக்கத்து அறையில் தோசைக்கடை போட்ட மோகனாவுக்கும் மாவு பொங்கவில்லை. பிளக் கேட்டு எழுதினாள். சுவரைப் பார்வையிட, பாரம்பரிய மாவுப் பாதுகாப்புக் குழுவின் தலைவி கழுத்தில் அட்டையுடன் வந்து சேர்ந்தாள். வேறு யார், தவமலர்தான். சுவரை முன்னாலிருந்து பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள்.

"அரை மணி நேர வேலைதானேக்கா?" என்றாள் மோகனா.

"ஓட்டை போட்டா மலை உள்ள வந்துரும்மா," என்றாள் தவமலர்.