பிரிக்கவே பிரிக்காத பெட்டி

நான் ஒரு சத்தியம் பண்ணேன். பண்ணும்போதே அதை எப்படி உடைக்கலாம்னு யோசிச்சுக்கிட்டேதான் பண்ணேன். கல்யாணம் ஆன ஆம்பளைங்களுக்கு இது புரியும். ஆகாதவங்க இப்பவே படிச்சு வெச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

எனக்குத் தொழில் வாஷிங் மிஷின் ரிப்பேர். படிப்பு கேக்காதீங்க. எனக்கும் வாத்தியாருக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்துச்சு: நான் போறதில்ல, அவர் தேடறதில்ல. ஆனா மிஷின்ல காதை வெச்சா எந்த பேரிங் அழுவுதுன்னு சொல்லிடுவேன். ஊருக்கெல்லாம் ரிப்பேர் பண்ற கை, வீட்டுல மட்டும் ஒரு ஸ்க்ரூ திருப்பாது. எங்க இஸ்திரிப் பெட்டி எட்டு மாசமா செத்துக் கிடக்கு. "என்னங்க, அந்த இஸ்திரிப் பெட்டி..."ன்னு வீட்டுக்காரி ஆரம்பிப்பா. "நாளைக்கு"ன்னு நான் முடிப்பேன். எங்க வீட்டுல ரிப்பேரே ஆகாம ஓடறது அந்தப் பேச்சு ஒண்ணுதான்.

என் உசுரு இருந்தது கட்டிலுக்கு அடியில. ஏழு வீடியோ கேம் பெட்டி. எல்லாம் பழசு. டிவியில சொருகி, மேல கேசட்டைக் குத்தி ஆடற ரகம். ஓடலன்னா கேசட்டை உருவி, வாய்கிட்ட வெச்சு ஒரு ஊது. மறுபடி குத்தினா ஓடும். அந்த ஊதறதுல நான் மன்னன். டாக்டர் கைவிட்ட கேசட்டும் என் மூச்சு பட்டா எந்திரிச்சு உக்காரும். கூட்டாளிங்க எனக்கு வெச்ச பேரே ஊதல். ஊதறதுல மன்னனே தவிர ஆடறதுல இல்ல. கேம்ல வர்ற கடைசிக் கோட்டையை முப்பது வருஷமா நான் தாண்டினதில்ல.

எங்க சங்கத்துல மொத்தம் மூணு பேர். நானு, சலூன்காரரு, புத்தகம் பைண்டிங் பண்ற பைண்டரு. ஆளு மூணு, கட்சி நாலு. ஏன்னா பைண்டர் காலையில ஒரு கட்சி, மத்தியானம் ஒரு கட்சி.

அப்பதான் அந்தச் சேதி வந்துச்சு. நாங்க சின்ன வயசுல ஆடின பெட்டியை, அதே கம்பெனி மறுபடி புதுசா விடுது! அதே உருவம், அதே சிவப்புப் பட்டன். எங்க சங்கம் கூடற சலூன் ரெண்டாப் பிளந்துடுச்சு.

"யோவ் ஊதல், அதுல கேசட்டே கிடையாதாம். எல்லா கேமும் உள்ளயே அடைச்சு வெச்சுட்டானாம்"னு பைண்டர் சொன்னாரு.

"அப்ப எங்க ஊதறது?"

"ஊத வேணாம்."

"ஊத வேணாம்னா அது என்னய்யா பெட்டி? ரேடியோவா?"

சலூன்காரர் கத்தியை ஆட்டினாரு. "ஊதறது கிடக்கட்டும். பட்டனை அமுக்கினா பொம்மை உடனே குதிக்குமா, யோசிச்சுட்டுக் குதிக்குமா? புது டிவியில எல்லாம் லேட்டாத்தான் குதிக்கும். அது குதிக்கறதுக்குள்ள நான் ஒரு தலையே முடிச்சுடுவேன்."

"உடனே குதிக்கும்"னேன் நான்.

"லேட்டு!"

"உடனே!"

நாற்காலியில இருந்தவருக்கு ஒரு பக்கம்தான் ஷேவிங் ஆகியிருந்துச்சு. "அண்ணே, இந்தப் பக்கம்..."னாரு.

"இருங்க சார், முக்கியமான விஷயம் போயிட்டிருக்கு."

அவர் கண்ணாடியில தன்னைப் பார்த்தாரு. எங்களைப் பார்த்தாரு. "எனக்கும் லேட்டுன்னுதான் தோணுது"ன்னுட்டு, நுரையோட சலூன்காரர் கட்சியில சேர்ந்துட்டாரு.

மூணு நாள் சண்டை. கடைசியில பைண்டர் தீர்ப்பு சொன்னாரு: "ஒருத்தன் வாங்கணும். பிரிச்சு ஆடிப் பார்க்கணும்." எல்லாரும் என்னையே பார்த்தாங்க. அந்தப் பாதி ஷேவிங் ஆளு உட்பட.

வாங்கறது பெரிய விஷயமில்ல. வீட்டுக்குள்ள கொண்டு போறதுதான் விஷயம். என் வீட்டுக்காரி பார்சல் ஆபீஸ்ல பேக்கிங் பிரிவு. ஒரு பெட்டியைக் கையில எடுத்தா, ஆட்டாமலே உள்ள என்னன்னு சொல்லிடுவா. போன பொறந்த நாளைக்கு ஆசையா ஒரு பெட்டி சுத்திக் குடுத்தேன். வாங்கின கையோட, "குக்கர் வேணாம்னு சொன்னேன்ல"ன்னு திருப்பிக் குடுத்துட்டா. அவகிட்ட பெட்டியை ஒளிக்கறது, மீன்கிட்ட தண்ணியை ஒளிக்கற மாதிரி.

அதனால ஒளிக்கல. நேரா வாசல் வழியா, நெஞ்சை நிமித்திக்கிட்டு எடுத்துட்டுப் போனேன்.

"எட்டாவதா?"ன்னா.

"இது அந்த மாதிரி இல்லம்மா. இது ஆடறதுக்கு இல்ல. வெச்சிருக்கறதுக்கு."

"வெச்சிருந்து?"

"வெச்சே இருக்கறதுக்கு. பிரிக்காத பெட்டிக்குத்தான் பின்னாடி மதிப்பு. சீல் பிரிச்சா போச்சு."

"அப்ப பிரிக்கவே மாட்டீங்க?"

"சத்தியமா!"

"யார் மேல?"

"உன் மேல."

"என் மேல வேணாம். எனக்கு நாளைக்கு டியூட்டி இருக்கு. கட்டிலுக்கு அடியில கை வெச்சுச் சொல்லுங்க."

குனிஞ்சேன். ஏழு பெட்டி மேலயும் கை வெச்சேன். "இந்த சீலை நான் பிரிச்சா, இந்த ஏழும் உன்னுது. எடைக்குப் போடு, எதிர்வீட்டுக்குக் குடு, உன் இஷ்டம்!"

"நீங்களே சொன்னதுதான்"னுட்டு, பெட்டியை வாங்கி ஒரு தடவை கையில ஏந்திப் பார்த்தா. பீரோ மேல வெச்சா. ஒரு வார்த்தை பேசல.

பேசியிருந்தா நான் உஷாராயிருப்பேன்.

என் திட்டம் சுலபம். அவ காலையில ஒன்பதுக்குப் போனா அஞ்சுக்குத்தான் வருவா. நடுவுல பிரிக்கறேன். ஆடறேன். பொம்மை எப்பக் குதிக்குதுன்னு பார்க்கறேன். திருப்பி வெக்கறேன். பைண்டர்கிட்ட கண்ணாடிப் பேப்பர் சுத்தி சூடு காட்டற மிஷின் இருக்கு. "நான் சுத்தினதை கம்பெனிக்காரனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது"ன்னாரு.

உடனே பிரிக்கல. மூணு வாரம் விட்டு வெச்சேன், சந்தேகம் வரக்கூடாதுல்ல. அந்த மூணு வாரமும் வீடு சொர்க்கம். அவ தினம் ஒரு துணி எடுத்து அந்தப் பெட்டியைத் தொடைப்பா. பாரேன், என் பெட்டி மேல எவ்வளவு பாசம்னு உருகிட்டேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும், "நர்சம்மாகிட்ட பிரஷர் பார்த்துட்டு வரேன்"னு எதிர்வீட்டுக்குப் போவா. ரெண்டு மணி நேரம் கழிச்சு வருவா. இப்பல்லாம் பிரஷர் பார்க்க அவ்வளவு நேரம் ஆகும்போலன்னு நினைச்சேன். வரும்போது முகம் வேற செவசெவன்னு இருக்கும். பாவம், நிஜமாவே பிரஷர்தான்.

செவ்வாய்க்கிழமை. அவ போனதும் கதவைத் தாழ் போட்டேன். பீரோ மேலருந்து பெட்டியை இறக்கினேன். பிளேடால ஓரத்துல ஒரு கீறு. அந்த வாசனைக்காக மூக்கை உள்ள விட்டேன்.

கருகின துணி வாசனை.

உள்ள இஸ்திரிப் பெட்டி.

முதல்ல நான் என்ன நினைச்சேன்னா, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான். அப்புறம் கைப்பிடி ஓரத்துல அந்த உருகின தழும்பைப் பார்த்தேன். அது எங்க வீட்டுத் தழும்பு. அது எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டி!

அப்படியே தரையில உக்காந்துட்டேன். கேக்கலாம். "ஏம்மா, என் பெட்டி எங்க?"ன்னு. "உள்ள இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேப்பா. ஏழும் போச்சு. கேக்கலன்னா இது போச்சு. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரின்னு சொல்லுவாங்களே, எனக்கு தேளோட குடும்பமே கொட்டிடுச்சு.

யோசிக்கும்போது சிலர் நகம் கடிப்பாங்க. சிலர் மேல பார்ப்பாங்க. எனக்குக் கையில ஸ்க்ரூட்ரைவர் இருந்தாத்தான் மூளை ஓடும். மடியில இஸ்திரிப் பெட்டி, கையில ஸ்க்ரூட்ரைவர், அரை மணி நேரம் யோசிச்சேன். முடிவுக்கு வந்தேன். வாயைத் திறக்கறதில்ல. எடுத்தவளே எடுத்ததைச் சொல்லட்டும். இருந்தது இருந்தபடி உள்ள வெச்சேன், பைண்டர்கிட்ட ஓடினேன்.

பைண்டர் சுத்திக்கிட்டே கேட்டாரு: "குதிச்சுதா?"

"எது?"

"பொம்மைய்யா!"

"ஆங்... குதிச்சுது."

"லேட்டா?"

"லேட்டே இல்ல. தொட்டதும் சூடு."

"சூடா?"

"வேகம்யா! வேகத்தைச் சொன்னேன்."

"கைக்கு எப்படி?"

"நல்ல கனம். கைப்பிடி பிரமாதம்."

"கைப்பிடியா? அதுல எதுய்யா கைப்பிடி?"

"பிடிமானம்யா! சுத்துய்யா முதல்ல!"

சாயங்காலம் சலூன்ல தீர்ப்பு: லேட்டே இல்ல. சலூன்காரர் கத்தியைக் கீழ வெச்சுட்டு ஒரு நிமிஷம் சுவத்தைப் பார்த்து நின்னாரு. ஒரு மனுஷனோட நம்பிக்கையை பொய் சொல்லி உடைச்சது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா ஜெயிச்சதும் நல்லாத்தான் இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை. நான் பேப்பர்ல படம் பார்த்துட்டிருக்கேன். வீட்டுக்காரி கையில என் சட்டையோட வந்தா.

"என்னங்க, இந்தச் சட்டை கசங்கியிருக்கு."

"இருக்கட்டும்."

"இஸ்திரி போட்டுடறேன்"னுட்டு, பீரோ மேலருந்து பெட்டியை எடுத்தா. ஆபீஸ் கத்தியால சர்ர்னு ஒரே இழுப்பு. கண்ணாடிப் பேப்பர் ரெண்டாத் தொங்குச்சு.

நான் எந்திரிச்சுக் குதிச்சேன். லேட்டே ஆகல. "ஐயையோ! சீலை உடைச்சுட்டியே! மதிப்பு போச்சே! இது என்ன உள்ள? இஸ்திரிப் பெட்டியா? எப்படி வந்துச்சு? அடப்பாவி கம்பெனிக்காரா!"

"ரொம்ப நடிக்காதீங்க. மூச்சு வாங்குது."

"யாரு நடிக்கறா? சத்தியமா நான் இதை இப்பதான் பார்க்கறேன்!"

அவ ஒயரைப் பிளக்குல சொருகினா. ஸ்விட்சைப் போட்டா. ரெண்டு நிமிஷம் என் முகத்தையே பார்த்துட்டு நின்னா. அப்புறம் விரலைத் தண்ணில தொட்டு அடியில ஒரு சொட்டு விட்டா.

சொய்ய்ய்ங்.

"எட்டு மாசமா செத்துக் கிடந்தது. பீரோ மேல படுத்தே குணமாயிடுச்சா?"

அப்பதான் நான் என் கையைப் பார்த்தேன். இந்தக் கை! மூளை யோசிச்சிட்டிருந்த அரை மணி நேரத்துல, இந்தக் கழுதைக் கை பாட்டுக்கு நாலு ஸ்க்ரூவைக் கழட்டி, அறுந்த ஒயரைச் சேர்த்து, திருப்பி மூடி வெச்சிருக்கு. எனக்கே தெரியாது. எட்டு மாசம் கெஞ்சினப்பல்லாம் படுத்துக் கிடந்த கை, பிரிக்கக் கூடாத பெட்டிக்குள்ள போயி தொழில் பண்ணியிருக்கு!

"அது... ஒயர் தானாவே..."

"தானாவே ஸ்க்ரூவைக் கழட்டி, தானாவே சேர்ந்துக்கிச்சா?"

நான் கையைப் பின்னாடி ஒளிச்சேன். அவ விடல.

"செவ்வாய்க்கிழமையே தெரியும். இந்தப் பேப்பர் மடிப்பு நான் மடிச்சதில்ல. ஓரத்துல பைண்டர் பசை வாசனை. உக்காந்து யோசிச்சா உங்க கை சும்மா இருக்காதே. சரி, இஸ்திரிப் பெட்டியே சாட்சி சொல்லட்டும்னு விட்டேன்."

"நீ எப்ப எடுத்தே?"

"வந்த மறுநாளே. ஆபீஸ் தராசுல வெச்சு எடை பார்த்தேன். அச்சு அசல் இஸ்திரிப் பெட்டி எடை. எங்க மிஷின்லயே சீல் போட்டுட்டு வந்தேன்."

"என் பெட்டி எங்க?"

"எதிர்வீட்டுல. நர்சம்மாவும் நானும் ஆடறோம்."

"பிரஷர்?"

"நர்சம்மாவுக்குத்தான் ஏறுது. தோத்துட்டே இருக்காங்கல்ல."

எல்லாம் போச்சுன்னு தெரிஞ்சுடுச்சு. ஆனா ஒண்ணு மட்டும் கேக்காம இருக்க முடியல. தூக்குல தொங்கப் போறவனுக்குக் கூட கடைசி ஆசைன்னு ஒண்ணு இருக்குல்ல.

"அந்தப் பொம்மை... பட்டனை அமுக்கினா உடனே குதிக்குதா?"

"ஒரு இமை கொட்டற நேரம் லேட்டு. ரெண்டு நாள்ல பழகிடும்."

சலூன்காரரே, என்னை மன்னிச்சிடுங்க.

"அந்தக் கடைசிக் கோட்டை?"

"அதுவா? போன வாரமே முடிச்சுட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணுமில்லங்க, சினிமா முடிவுல வர்ற மாதிரி வெறும் பேரு ஓடுது."

முப்பது வருஷம். வெறும் பேரு ஓடுதாம்.

நான் குனிஞ்சு கட்டிலுக்கு அடியிலருந்து ஒவ்வொரு பெட்டியா இழுத்தேன். கண்ணு கலங்கிடுச்சு. "எடைக்காரனைக் கூப்பிடு. நான் உள்ள போயிடறேன், பார்க்க முடியாது."

"எடைக்குப் போட எனக்கென்ன பைத்தியமா? எதிர்வீட்டுக்குத்தான் போகுது. புதுசுல இருக்கறதை எல்லாம் ஆடி முடிச்சாச்சு. இனிமே பழசு. தூக்கிட்டு வாங்க."

"நானுமா?" எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. "நானும் வரலாமா?"

"பின்ன? நீங்க இல்லாம எப்படி?"னா. அவ வாயால இப்படி ஒரு வார்த்தை கேட்டு எத்தனை வருஷமாச்சு! ஏழு பெட்டியையும் ஒரே நடையில தூக்கிட்டுத் தெருவைத் தாண்டினேன். கனமே தெரியல.

இப்ப ஞாயித்துக்கிழமை தவறாம எதிர்வீட்டு சோபாவுல, அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல, இஸ்திரி போட்ட சட்டையோட நான் உக்காந்திருக்கேன். கையில கன்ட்ரோலர் குடுக்கறதில்ல. கேசட் ஓடலன்னா என் பக்கம் நீட்டுவாங்க. நான் ஊதிக் குடுக்கறேன்.